சுற்றுக் கணக்கு

என் வீட்டுக்காரருக்கு மோட்டார் காயில் கட்டும் தொழில். காவேரிப்பட்டணத்தில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு சின்னக் கடை. எங்கள் பக்கம் ஆயிரம் அடிக்கு போர் போட்டும் புழுதிதான் பறக்கும். கோடையில் கரண்ட் ஏறி இறங்கினால் மோட்டார்கள் எரிந்துபோய் வரிசையாக வந்து இறங்கும். எரிந்த செம்புக் கம்பியை வெட்டி எடுத்து, காடியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, தாள் வைத்து, புதுக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக இறக்க வேண்டும். சுற்றுக் கணக்கில் பிசகினால் மோட்டார் சூடேறி மறுபடி கடைக்கே வந்துவிடும். அவர் வாயில் ஊர்க்கதை பேசிக்கொண்டே கையில் எண்ணுவார். ஒரு சுற்று தப்பாது. கல்யாணமான புதிதில் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் கை காலையில் நடுங்க ஆரம்பித்தது 2018 வாக்கில். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பார். குனிந்து முதல் வாயை உறிஞ்சிவிட்டுத்தான் தூக்குவார். ஒரு கட்டிங் உள்ளே போனதும் கை நின்றுவிடும், கம்பி நேராக இறங்கும். குடித்துக் குடித்துத்தான் நடுங்குகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி குடித்ததற்கும் காலையில் குடிக்கப்போவதற்கும் நடுவில் இருக்கும் அந்தச் சில மணி நேரம்தான் நடுக்கத்துக்குக் காரணம் என்பது 2020 வரை எனக்கு விளங்கவில்லை.

அதற்கு முன்பே ஒரு அடையாளம் வந்தது. அதையும் கோட்டைவிட்டேன்.

வருடா வருடம் கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போடுவார். நாற்பத்தெட்டு நாள் ஒரு சொட்டு தொடமாட்டார். விடிகாலைக் குளியல், கறுப்பு வேட்டி, சாயங்காலம் பஜனை. வருடத்தில் இந்த ஒன்றரை மாதம்தான் எனக்கு வாழ்க்கை என்று என் அத்தையிடமே, அதாவது மாமியாரிடமே, சொல்லியிருக்கிறேன். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய ராத்திரியே ஒயின் ஷாப்புக்குப் போவார். இத்தனை நாள் இருக்க முடிகிறதே, மனசு வைத்தால் முடியாதா என்று நானும் ஊரும் அவரை மடக்குவதற்கு அந்த மாலையைத்தான் எடுப்போம். 2019-இல் கார்த்திகை பிறந்தது, அவர் மாலை போடவில்லை. "கடையில வேலை ஜாஸ்தி புள்ள, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். கார்த்திகை மழைக்காலம். மோட்டார் வேலையே இல்லாத மாதம். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள், எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். சாமிக்குக்கூட பயம் விட்டுப்போச்சா என்று திட்டினேன். இப்போது தோன்றுகிறது, பயந்துபோய்த்தான் போடாமல் இருந்திருக்கிறார். இனி நாற்பத்தெட்டு நாள் தாங்காது என்று அவர் உடம்பு அவருக்குச் சொல்லிவிட்டது. எங்களிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

2020 மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணியோடு எல்லாவற்றையும் அடைத்தார்கள். வார்னிஷ் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்திருந்த சரக்கு இரண்டு நாள் தாங்கியது. அதற்கு மறுநாள் வேர்த்துக் கொட்டியது, சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் தண்ணீர்த் தொட்டி ஓரமாக விழுந்து கை கால் வெட்டி இழுத்தார். அத்தை ஓடிவந்து இரும்புச் சாவியைக் கையில் திணித்தார். 108 வந்தது. அன்று ராத்திரி அரசு ஆஸ்பத்திரி வார்டில், சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தட்டித் தட்டி விட்டார். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து, இல்லாத கம்பியை இல்லாத மோட்டாரில் சுற்ற ஆரம்பித்தார். "கம்பியைப் பிடி புள்ள, தொய்ய விடாதே" என்றார். நானும் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டேன். விடியும்வரை சுற்றினார்.

முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்த ஒரு இளம் டாக்டரம்மாதான் எனக்கு முதன்முதலில் இதைப் புரியவைத்தார். தினமும் சாராயம் மூளையை அமுக்கி அமுக்கி வைக்கிறது. மூளையும் அதற்கு ஈடுகொடுக்கத் தன்னை முறுக்கி வைத்துக்கொள்கிறது. அமுக்கும் கையைத் திடீரென்று எடுத்தால் முறுக்கிய ஸ்பிரிங் துள்ளும். சில மணி நேரத்தில் நடுக்கம், இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டு மூன்று நாளில் இந்தப் பிதற்றல். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். தூக்க மாத்திரை வகை மருந்தைக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் இறக்க வேண்டும், கூடவே தயமின் என்ற வைட்டமின் ஊசி போட வேண்டும். "ரூம்ல போட்டுப் பூட்டுனா ரெண்டு நாள்ல தெளிஞ்சிடும்னு யாராவது சொன்னா கேக்காதீங்கம்மா" என்றார். என் கொழுந்தனார் அதைத்தான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாற்பது நாள் வீட்டில் இருந்தார். தோசை ஊற்றினார், மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். இன்னும் ஒரு வாரம் போனால் ஒரு மண்டலம் என்று நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மே 7 வந்தது. ஒயின் ஷாப்புகள் திறந்தன. வெயிலில் வரிசை நின்றது. மறுநாளே கோர்ட் மூடச் சொன்னது, அப்புறம் பத்து நாளுக்குள் மேல்கோர்ட் உத்தரவில் மறுபடி திறந்தார்கள். எங்கள் வீட்டுக்கு அந்த ஒரு நாளே போதுமானதாக இருந்தது.

நோய் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு புதுக் கஷ்டம் வந்தது. கெட்டவன் என்றால் விட்டுவிட்டுப் போகலாம். நோயாளியை எப்படி விட்டுப் போவது? அவர் என்னை அடித்தவரும் கிடையாது. போதையில் கத்துவார், தட்டைத் தள்ளுவார், கடையில் வந்த காசை ஒயின் ஷாப்பிலேயே விட்டுவிட்டு வருவார், அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லைப் போட்டே பல வருடம் ஓட்டினேன். "அவன் மனசு தங்கம்மா, அந்தக் கருமம்தான் அவனை ஆட்டுது" என்பார் அத்தை. அதுவும் பொய்யில்லை.

செய்யாதது ஒன்றும் மிச்சமில்லை. பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தேன், தண்ணீர் கலந்தேன், மேலத் தெரு சாமியார் மந்திரித்த கயிறு கட்டினேன். எல்லாவற்றையும்விட எனக்கு வெட்கமாக இருப்பது அந்தப் பொடி. 'குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்' என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து வாங்கினேன். ரசத்தில் கலந்தேன். அன்று குடித்துவிட்டு வந்தவர் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போகச் செய்யும் மருந்து ஒன்று நிஜமாகவே இருக்கிறதாம், டைசல்ஃபிராம் என்று பெயர். குடியை நிறுத்தி, உடம்பைச் சோதித்து, குடித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லி, அவர் சம்மதத்தோடுதான் தர வேண்டுமாம். தெரியாமல் கொடுத்தால் இதயம் நின்றுபோகும் அபாயமும் உண்டு. நான் வாங்கிய பொடியில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அதே மாதிரி நோட்டீஸ் இன்றைக்கும் சுவர்களில் இருக்கிறது. எங்கே பார்த்தாலும் கிழித்துவிட்டுத்தான் நகர்கிறேன். படிக்கிற யாராவது அப்படி ஒரு பொட்டலத்தை அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்தால் தயவுசெய்து குப்பையில் போடுங்கள்.

அப்புறம் என் நோட்டு. நான் மாங்கூழ் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். சீசனில் லோடு லோடாக பெங்களூரா மாங்காய் வரும், எடை, கழிவு, பில் எல்லாம் என் கையில். வீட்டிலும் அதே புத்தி. 2021-லிருந்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வந்தேன்: எத்தனை குவாட்டர், எவ்வளவு ரூபாய், எத்தனை மணிக்கு வந்தார். ஒரு குவாட்டர் 180 மில்லி, அதில் சாராயச் சத்து 42.8 சதவீதம். கூட்டிக் கழித்தால் சுத்தச் சாராயம் 60 கிராம். மருத்துவக் கணக்கில் ஓர் அளவு என்பது 10 கிராம். அப்படியானால் ஒரு குவாட்டர் ஆறு அளவு, நாளைக்கு மூன்று குவாட்டர் பதினெட்டு. குவாட்டர் 140 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 12,600. அன்று என் சம்பளம் 14,000. பாட்டில் லேபிளில் அச்சடித்திருக்கும் எச்சரிக்கையை எங்கள் வீட்டில் அதிகம் முறை படித்தவள் நான்தான்.

2022-இல் அவரே ஒரு நாள் "எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ" என்றார். முதலில் போனது ஒரு தனியார் மையம். முப்பது நாள், பணம் கட்டி. அங்கே வைத்தியம் என்று நடந்தது பூட்டும் அடியும்தான் என்பதை அவர் முதுகைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகுதான் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்குப் போனோம். நம் ஊருக்கு இது ஒரு பாக்கியம், ஓசூர் வழியாக பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். குடி நோய்க்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். வெளிநோயாளிச் சீட்டுப் போடும் இடத்தில் நம்மூர்த் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அங்கே ஆலோசகராக இருந்த அம்மாவிடம் பெருமையாக என் நோட்டை நீட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். டாக்டருக்கு இந்தத் தகவல் உதவும் என்றார். மூடிவிட்டு, "இதுல உங்களப் பத்தி ஒரு வரிகூட இல்லையே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கணக்கு நோட்டில் கணக்குப்பிள்ளையைப் பற்றி யார் எழுதுவார்கள்?

ஏழு மாதம் நன்றாக இருந்தார். மாத்திரை போட்டார். மறுபடி விழுந்தார், மாத்திரையை நிறுத்தினார். மறுபடி விழுவது இந்த நோயின் சுபாவம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். திரும்பிப் போகலாம் என்று எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை. அத்தைக்குச் சர்க்கரை, அதுவும் நோய்தான். ஆனால் அத்தை மாத்திரை போடுகிறார், ஜாங்கிரியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். குடி அப்படிப்பட்டதில்லை, ஒப்பிடக் கூடாது என்று எனக்கே தெரியும். ஆனாலும் ஒப்பிட்டேன்.

சாராயக் கடையை மூடினால் எல்லாம் சரியாகும் என்று ஊரில் அடிக்கடி பேச்சு வரும். என் பாட்டி அரூர்ப் பக்கம். இந்தியாவில் முதன்முதலில் மதுவிலக்கு வந்த இடங்களில் எங்கள் மண்ணும் ஒன்று. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி அதைத் தொடங்கிவைத்தது அன்றைய சேலம் மாவட்டத்தில், தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள்தான் இருந்தன. 1971-இல் தளர்த்தும்வரை மதுவிலக்கு இருந்தது. அந்தக் காலத்திலும் ஏரிக்கரைப் புதரில் ஊறல் இருந்தது என்பார் பாட்டி, தாத்தா அதில்தான் போனார். அதனால் எனக்கு அந்தப் பேச்சில் பாதி நம்பிக்கைதான். பாதி ஏன் என்றால், தூரம் ஒரு பொருட்டு என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2017-இல் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு நடைமுறைக்கு வந்தபோது, ரோட்டோரம் இருந்த கடை எங்கள் குடியிருப்புப் பக்கம் நகர்ந்து வந்தது. நாங்கள் பெண்கள் போய் உட்கார்ந்து மறித்தோம், கொஞ்ச நாளில் அது வேறு இடம் போனது. அந்தக் கொஞ்ச நாளில் அவர் கணக்கு ஒரு குவாட்டர் கூடியது. நடந்து போகும் தூரத்துக்குள் வந்துவிட்டதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2024 ஜூன், மாங்காய் சீசன். ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறேன். அவர் கூடத்தில் குப்புறக் கிடக்கிறார். மகள் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அப்பாவுக்குக் காய்ச்சல்ணா, மாத்திர போட்டுத் தூங்குறாங்க. உங்க மோட்டாரு வியாழக்கிழம கண்டிப்பா ரெடியாயிடும்ணா" என்கிறாள். குரலில் ஒரு தடங்கல் இல்லை. காய்ச்சல், வியாழக்கிழமை, கண்டிப்பாக எல்லாம் என் வார்த்தைகள். பேசி முடித்து, கட்டிலுக்குக் கீழே ஒரு வாளியும் தலைமாட்டில் தண்ணீர் பாட்டிலும் வைத்தாள். அவளுக்குப் பதிமூன்று வயது. "இன்னிக்கு ரொம்ப இல்லம்மா, வண்டிச் சத்தத்துலயே தெரிஞ்சிடுச்சு" என்றாள். அவர் டிவிஎஸ் எக்ஸ்எல் தெருமுனையில் திரும்பும்போது ஆக்சிலேட்டர் எப்படி முறுக்கப்படுகிறது என்பதை வைத்து அளவு சொல்ல எனக்கும் தெரியும். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

அன்று ராத்திரி நோட்டை எடுக்கவில்லை. 14416-க்குப் போன் போட்டேன். மனநல உதவிக்காக அரசு நடத்தும் இலவச எண், தமிழிலேயே பேசலாம். இருபது நிமிடம் பேசினேன், பாதி நேரம் அழுகை. பேசிய பெண் பிரிந்து போ என்றும் சொல்லவில்லை, பொறுத்துப் போ என்றும் சொல்லவில்லை.

அம்மா வீடு பாலக்கோட்டுப் பக்கம். போய்ச் சொன்னேன். எப்போதும் செய்வதைத்தான் அம்மா செய்தார். களி கிண்டிப் போட்டார், ராகி மாவு இரண்டு கிலோ கட்டிக் கொடுத்தார், "நாளைக்கு புள்ளைக்கு சம்மந்தம் பேச வர்றவங்க என்ன கேப்பாங்க?" என்றார். அண்ணன் "நீ வந்துடும்மா, நான் இருக்கேன்" என்றார். அண்ணி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்த அடுப்பையே. அண்ணியைக் குறை சொல்லமாட்டேன். இரண்டு அறை வீடு அது.

கிருஷ்ணகிரி கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 1987-ஆம் வருடச் சட்டமே அப்படித்தான். இது எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னார். இந்துத் திருமணச் சட்டத்தில் குடி என்று தனியாக ஒரு காரணம் இல்லை. ஆனால் குடியால் மனைவிக்கும் பிள்ளைக்கும் நேர்வதைக் கொடுமை என்று காட்டி விவாகரத்து கேட்கலாம், மனதுக்கு நேரும் கொடுமையும் அதில் சேரும். அடித்தால்தான் கொடுமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருவரும் ஒத்துக்கொண்டால் ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்தபின் சேர்ந்தே மனுப் போடலாம். விவாகரத்து வேண்டாம், சேர்ந்து வாழும் கட்டாயம் மட்டும் நீங்கினால் போதும் என்றால் 10-வது பிரிவில் அதற்கும் வழி இருக்கிறது. 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தில், வீடு என் பேரில் இல்லாவிட்டாலும் அங்கே குடியிருக்கும் உரிமை கேட்கலாம், அவரை வெளியே இருக்கச் சொல்லியும் உத்தரவு கேட்கலாம். எந்தக் கேஸும் போடாமல் தனியாக இருக்கவும் யாரும் தடுக்க முடியாது. கடைசியாக வக்கீலம்மா கேட்டது: "உங்க நகை, பேங்க் பாஸ்புக், பொண்ணோட சர்ட்டிபிகேட் எல்லாம் எங்க இருக்கு?" எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அவருடைய பாட்டில் எந்த இடுக்கில் இருக்கும் என்று கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்பேன்.

வழக்குப் போடவில்லை. அத்தை இருக்கும் வீட்டிலிருந்து அவரை வெளியேற்ற எனக்கு மனம் இல்லை. கடை இருக்கும் ரோட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு போர்ஷன் பார்த்தேன். வாடகை 3,500, அட்வான்ஸ் 25,000. அந்த 25,000 எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதலில் ஆரம்பித்தது 1989-இல், எங்கள் தருமபுரி மாவட்டத்தில். அப்போது கிருஷ்ணகிரியும் அதில்தான் சேர்ந்திருந்தது. அடுத்த சில வருடங்களில் எங்கள் ஊரில் ஆரம்பித்த குழுவில் அம்மா இருபது ரூபாய் சந்தாவோடு சேர்ந்தார். சந்தா கட்டுவது என் அப்பாவுக்குத் தெரியாது. அப்பாவும் குடித்தவர்தான், அதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ராகி மாவு கட்டிக் கொடுத்த மூன்றாம் வாரம் அம்மா பஸ் ஏறி வந்தார். முந்தானை முடிச்சில் முப்பதாயிரம், குழுவில் கடன் எடுத்தது. "பஸ் ஃப்ரீதானே, சும்மா வந்தேன்" என்றார். பணத்தைப் பற்றி வேறு எதுவும் பேசவில்லை. சம்பந்தம் பற்றியும் பேசவில்லை.

வீட்டை விட்டு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் தெளிவாக இருக்கும் நேரமாகப் பார்த்து. மகளின் துணி, இரண்டு குடம், கிரைண்டர் வேண்டாம், மிக்ஸி மட்டும். "ஆஸ்பத்திரிக்கு எப்பக் கூப்பிட்டாலும் கூட வர்றேன். குடிச்சிட்டு இந்தப் படியேற வேணாம்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். நடுங்கும் கையோடு சிலிண்டரை ஆட்டோவில் ஏற்றிக் கொடுத்தது அவர்தான். அத்தை என்னோடு நாலு மாதம் பேசவில்லை. இப்போது பேசுகிறார், ஊறுகாய் கொடுத்துவிடுகிறார்.

சிலர் கேட்கிறார்கள், பிரிந்துவிட்டீர்களா என்று. என்ன சொல்வது என்று தெரியவில்லை. தாலி கழுத்தில் இருக்கிறது. சட்டப்படி எதுவும் ஆகவில்லை. ஒரு வருடம் தாண்டியாயிற்று, மனுப் போட வேண்டுமானால் போடலாம். அவர் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு வந்தார், ஒரு முறை பாதி வழியில் இறங்கிப் போனார். இப்போது குடிக்கிறாரா என்றால், குடிக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். எவ்வளவு என்று தெரியாது. மூன்று தெரு தள்ளி டிவிஎஸ் எக்ஸ்எல் சத்தம் கேட்பதில்லை. முதல் மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கும் மகளுக்கும் ஒரே நேரத்தில் காது விறைக்கும். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம், அப்புறம் டிவி.

போன வாரம் மிக்ஸி எரிந்துபோனது. மகள் அதைப் பையில் போட்டுக்கொண்டு அப்பா கடைக்குப் போனாள். இரண்டு நாள் கழித்து வாங்கி வந்தாள். காசு வாங்கவில்லையாம். எனக்குத் தெரியும், அடியில் நாலு ஸ்குரூவைக் கழற்றினால் காயில் தெரியும். கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் படிந்திருக்கிறதா, நூல் கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தாலே அவர் எந்த நிலையில் அதைக் கட்டினார் என்று சொல்லிவிடுவேன். திருப்புளியைக்கூட எடுத்துவிட்டேன். தேங்காய் ஏற்கெனவே நறுக்கி வைத்திருந்தது, மகளுக்கு ஸ்கூல் பஸ் வரும் நேரம். திருப்புளியை ஜன்னலில் வைத்துவிட்டுச் சட்னி அரைத்தேன்.